கரையேறிய கப்பல் சொற்கள்

ஓ.எம்.ஆர். பக்கம் உள்ள ஐ.டி. அலுவலகங்களில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு ‘ஆன்போர்டிங்’ நடக்கிறது. ஊழியர்கள் எல்லோரையும் கூட்டினால் அது ‘ஆல் ஹேண்ட்ஸ்’ மீட்டிங். முடிக்க வேண்டிய தேதியில் கொஞ்சம் ‘லீவே’, அதாவது சலுகை, கேட்கிறார்கள். மயிரிழையில் தப்பித்தால் ‘டச் அண்ட் கோ’. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் ‘லாக் இன்’. இத்தனையும் கப்பலில் பிறந்தவை. சரக்குக் கப்பல்களில் டெக் ஆபீசராகப் பல வருடம் ஓடிவிட்டு, இப்போது கப்பல் நிர்வாக அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். இந்தச் சொற்கள் காதில் விழும்போதெல்லாம் அவை முன்பு பார்த்த வேலைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. கப்பலில் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான். பெரும்பாலும் அது ஒரு உத்தரவு. தப்பாகப் புரிந்துகொண்டால் கை போகும். சில சமயம் உயிரும் போகும்.

‘பிட்டர் எண்ட்’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கசப்பான கடைசிவரை விடாமல் போராடுவது என்றுதான் கரையில் சொல்கிறார்கள். கப்பலில் அதற்குக் கசப்போடு சம்பந்தமில்லை. பாய்மரக் கப்பலின் தளத்தில் நங்கூரக் கயிற்றைச் சுற்றிப் பிடித்துவைக்கும் தடித்த மரத்தூண்களுக்கு ‘பிட்ஸ்’ என்று பெயர். கயிற்றின் ஒரு முனை நங்கூரத்தோடு கடலுக்குள் போகும். கப்பலுக்குள்ளேயே தங்கும் மறுமுனைதான் பிட்டர் எண்ட். அமெரிக்காவின் வர்ஜீனியா குடியேற்றத்தோடு பேர்பெற்ற ஜான் ஸ்மித் 1627-ல் வெளியிட்ட கடல்தொழில் நூலிலேயே இந்த விளக்கம் இருக்கிறது. கயிறு போய்ச் சங்கிலி வந்துவிட்டது. பெயர் மாறவில்லை.

நான் அதை முதலில் கண்ணால் பார்த்தது பயிற்சி அதிகாரியாக, அதாவது கேடட்டாக இருந்தபோது, கப்பலைத் தண்ணீரில்லாமல் நிறுத்திப் பழுதுபார்க்கும் டிரை டாக்கில். சங்கிலி மொத்தத்தையும் இறக்கி டாக்கின் தரையில் வரிசைவரிசையாகப் பரப்பியிருந்தார்கள். 27.5 மீட்டர் கொண்டது ஒரு ஷேக்கிள். ஒவ்வொரு ஷேக்கிள் முடியும் இடத்திலும் எத்தனையாவது என்று தெரிய வெள்ளை பெயின்ட் அடித்து, கம்பி சுற்றிய அடையாளம். பல கடல்களின் அடிச்சேறு காய்ந்து அப்பியிருந்ததைத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவியபோது வந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. கேலிப்பரோடு ஒரு சர்வேயர் கண்ணிகளை அளந்துகொண்டே போனார். சராசரி விட்டம் 12 சதவீதத்துக்கு மேல் தேய்ந்திருந்தால் அந்த நீளத்தை மாற்றியாக வேண்டும்.

தளத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தலைவரான எங்கள் செராங் தூத்துக்குடிக்காரர். என்னைச் சங்கிலி அடைந்து கிடக்கும் செயின் லாக்கர் பக்கம் கூட்டிப்போய், கடைசிக் கண்ணியைக் கப்பலோடு கோக்கும் ‘பின்’ என்ற ஆணியைக் காட்டினார். “தம்பி, இந்தப் பின்னைத் தட்டுற சுத்தியல் எங்க தொங்குதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லணும்” என்றார்.

காரணம் உண்டு. புயலில் நங்கூரம் பிடி விட்டு, கப்பல் கரையை நோக்கி இழுபடுகிறது. சங்கிலியைச் சுற்றி ஏற்ற நேரமில்லை, அல்லது சங்கிலியை இழுக்கும் எந்திரமான விண்ட்லாஸ் பழுதாகிவிட்டது என்று வையுங்கள். அப்போது அந்தப் பின்னைத் தட்டிவிட்டு, நங்கூரத்தையும் சங்கிலியையும் கடலுக்கே கொடுத்துவிட்டுக் கப்பலைக் காப்பாற்ற வேண்டும். அதனால்தான் லாக்கருக்குள் இறங்காமல் வெளியிலிருந்தே கழற்றும்படி அது அமைந்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கடைசிப் பிணைப்பின் வலுவுக்கும் கணக்கு உண்டு: சங்கிலி அறுபடும் விசையில் 15 முதல் 30 சதவீதம்வரைதான் தாங்க வேண்டும். பிரேக் பிடிக்காமல் சங்கிலி முழுவதும் ஓடினால், அது கப்பலின் உடலைப் பிய்க்காமல் தானே பிய்த்துக்கொண்டு போகட்டும் என்பதற்காக. கரையில் விடாப்பிடிக்குப் பெயராகிவிட்ட சொல், கப்பலில் விட வேண்டிய நேரத்தில் விடுவதற்கான ஏற்பாடு. எனக்கு இரண்டாவதுதான் பெரிய பாடமாகப் படுகிறது.

செராங் என்ற பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலக் கப்பல்களில் போசன் என்று அழைக்கப்படுபவர் இந்தியக் கப்பல்களில் செராங். சுக்கான் பிடிப்பவர் சுக்கானி, ஸ்டோரைப் பார்ப்பவர் கசாப், செராங்குக்கு அடுத்தவர் டிண்டல். தூத்துக்குடித் தோணிகளில் தலைவரைத் தண்டல் என்பார்கள். ஆங்கிலேயர் வாயில் டிண்டல் ஆனது இந்தச் சொல்தான். நம் கட்டுமரமும் அப்படி ஏறிப்போனதே. சோழமண்டலக் கரையில் இவற்றைக் ‘கட்டமரான்’ என்கிறார்கள் என்று ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-ல் அச்சிட்டுவிட்டார். கடல் ஆங்கிலம் என்பது பல துறைமுகங்களின் கைபட்ட மொழி. அதில் நமக்கும் பங்கு உண்டு என்பதில் எனக்குப் பெருமைதான்.

லாக் இன்னுக்கு வருவோம். பாய்மரக் கப்பலில் வேகம் அளக்க, ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டிப் பின்பக்கம் கடலில் போடுவார்கள். அதுதான் லாக். மரத்துண்டு நின்ற இடத்தில் நிற்க, கப்பல் முன்னே போகப் போகக் கயிறு உருளையிலிருந்து அவிழும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணல் கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டியதோ, அத்தனை நாட் வேகம். மணிக்கு அத்தனை கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். அந்தக் கணக்கை எழுதிவைத்த புத்தகம் லாக் புக். கம்ப்யூட்டர்காரர்களுக்கு லாக் அங்கிருந்துதான் வந்தது.

‘பை அண்ட் லார்ஜ்’ இன்று ‘பொதுவாகப் பார்த்தால்’ என்ற பொருளில் ஓடுகிறது. காற்றுக்கு நெருக்கமாக முகம் கொடுத்து ஓடுவது ‘பை’. காற்றைப் பின்புறமாக வாங்கி ஓடுவது ‘லார்ஜ்’. இரண்டு விதமாகவும் நன்றாக ஓடும் கப்பலைப் பாராட்டச் சொன்னது அது. ‘டேக்கன் அபேக்’ என்பது திடுக்கிடுவது; பாயின் முன்பக்கத்தில் காற்று அறைந்து அதைப் பாய்மரத்தோடு ஒட்டவைத்துவிட்டால் கப்பல் அப்படியே நின்றுபோகும். பாய்மரம் முறிந்த கதைகளும் உண்டு.

அடிக்கடி வாட்ஸ்அப்பில் வரும் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். இந்தியாவுக்குக் கப்பலேறிய பணக்கார ஆங்கிலேயர்கள் போகும்போது இடப்பக்க அறை, திரும்பும்போது வலப்பக்க அறை கேட்டதால், ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்’ என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து, ஆடம்பரத்தைக் குறிக்கும் ‘போஷ்’ வந்தது என்பார்கள். ஆதாரம் எதுவும் கிடைத்ததில்லை. உண்மையான கதைகள் இவ்வளவு இருக்கும்போது புனைந்த கதை எதற்கு?

ஆங்கிலத்துக்கு இத்தனை மரபுத்தொடர்களைக் கொடுத்த அதே தொழிலில், இன்று மரபுத்தொடர் பேசுவது ஆபத்து. கப்பலை ஓட்டும் இடமான பிரிட்ஜில் தமிழர் இருப்பார், பிலிப்பைன்ஸ்காரர் இருப்பார், உக்ரைன்காரர் இருப்பார். துறைமுகத்துக்குள் வழிகாட்ட ஏறிவரும் பைலட் சீனராக இருப்பார். அதனால் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-ல் கப்பல் பேச்சுக்கென்றே தேர்ந்தெடுத்த வாக்கியத் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. ‘மே’, ‘மைட்’, ‘ஷுட்’, ‘குட்’ எல்லாம் குழப்பம் தரும் சொற்கள் என்கிறது அது. உள்ளே வரலாமா என்று நயமாகக் கேட்கக் கூடாது. ‘கொஸ்டின்’ என்று முதலில் சொல்லிவிட்டு, அனுமதி உண்டா என்று நேராகக் கேட்க வேண்டும். திசையை 150 என்றால் ஒன், ஃபைவ், ஜீரோ. சுக்கானி ஒவ்வொரு உத்தரவையும் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சக்கரத்தைத் திருப்புவார். பாய் போனாலும் அந்த ஒழுங்கு போகவில்லை.

ஆகவே அலுவலக நண்பர்களிடம் ஒன்றை விடாமல் கேட்டுவருகிறேன். கப்பலுக்குப் போகும் மெயிலில் ‘லீவே’ போன்ற சொற்களைப் போடாதீர்கள். நமக்கு அது சலுகை. கப்பலில் இருப்பவருக்கு லீவே என்பது இழப்பு: காற்று பக்கவாட்டில் தள்ளுவதால், கப்பல் நோக்கும் திசைக்கும் உண்மையில் தண்ணீரில் போகும் திசைக்கும் நடுவே விழும் கோணம். சரக்கு இறக்கிய கப்பல் உயரமாக மிதக்கும்போது அது இன்னும் கூடும். கடல் வரைபடமான சார்ட்டில் அதற்கு ஈடாகத் திருத்திக்கொண்டே போக வேண்டும். எத்தனை மணிநேரம் தாமதிக்கலாம், எத்தனை டன் எரிபொருளை மிச்சம் வைக்க வேண்டும் என்பதை எண்ணில் எழுதிவிடுங்கள்.