எண்ணாகமம் 33-ஐ மேப்ல போட்டுட்டு வர்றேன், இதுவரைக்கும் வந்தது

ராமசேஸ்ல கிளம்பி மோவாபின் சமனான வெளி வரைக்கும் இஸ்ரவேலர் பாளயமிறங்கின இடமெல்லாம் பைபிள்ல எண்ணாகமம் 33ஆம் அதிகாரத்துல வரிசையா இருக்குல்ல, அதை கூகுள் எர்த்ல ஒவ்வொண்ணா பின் போட்டுட்டு இருக்கேன். ஆராய்ச்சியாளர்கள்ல பெரும்பாலானவங்க ஒத்துக்குற இடம்னா பச்சை, பாரம்பரியமா சொல்லிட்டு வர்ற இடம்னா மஞ்சள், எங்கன்னே தெரியாததுக்கு பின் கிடையாது, ஓரத்துல பேர் மட்டும் எழுதி வைக்கிறேன்.

எகிப்து பக்கம் சுலபமா முடிஞ்சுது. ராமசேஸ் நைல் டெல்டாவுல கந்தீர் கிட்ட, சுக்கோத்து வாதி துமிலாத்துல (வாதின்னா மழைக்காலத்துல மட்டும் தண்ணி ஓடுற பள்ளத்தாக்கு), ரெண்டும் பச்சை. கடலைத் தாண்டுனதும் ஒரே மஞ்சள். 12 நீரூற்றும் 70 பேரீச்ச மரமும் இருந்த ஏலிம் வாதி கரந்தல்னு சொல்றாங்க. சீனாய் மலைக்கு ஜெபல் மூசா, 2285 மீட்டர், அடிவாரத்துல 6ஆம் நூற்றாண்டு மடம் இருக்கு, ஆனா மலை இதுதான்னு எல்லாரும் ஒத்துக்கல, அதனால அதுவும் மஞ்சள்தான். ஏலிமை ஒட்டி ஒரு சீன் வனாந்தரம், காதேஸ்ல ஒரு சீன் வனாந்தரம், எபிரெயத்துல ரெண்டும் வேற வேற எழுத்து, தமிழ்ல ஒரே மாதிரி வர்றதால பின்ல சீன் (ஏலிம்), சீன் (காதேஸ்)னு போட்டுக்கிட்டேன்.

காதேஸ்ல ரொம்ப நேரம் உட்கார்ந்துட்டேன். வடக்கு சினாய்ல அயின் எல் குதெய்ராத், சாட்டிலைட் படத்துல காய்ஞ்ச மலைக்கு நடுவுல பள்ளத்தாக்கு நெடுக பச்சையா ஒரு கோடு ஓடுது, அவ்வளவு தண்ணி. 1914-ல தொல்லியல் ஆய்வாளர்கள் வூலியும் லாரன்ஸும் அங்க போய் சர்வே பண்ணியிருக்காங்க. அங்க தோண்டி எடுத்த கோட்டை மோசேக்கு ரொம்பப் பின்னாடி வந்த இஸ்ரவேல் ராஜாக்கள் காலத்தது, மோசே காலத்து தடயம் கிடைக்கல. இருந்தும் இவ்வளவு தண்ணி உள்ள இடம் அந்தப் பக்கம் வேற இல்லன்றதால பெரும்பாலானவங்க இதைத்தான் சொல்றாங்க, நானும் பச்சை போட்டேன்.

நடுவுல ரித்மா, ரிம்மோன்பேரேஸ், லிப்னா, ரீசா, கேலதா, அப்படியே அஸ்மோனா வரைக்கும் 12 இடத்தோட பேர் வருது, அங்க என்ன நடந்ததுன்னு ஒரு வரி கூட கிடையாது, இடமும் தெரியாது. நிறைய பைபிள் மேப்ல இதுக்கு நடுவுல அழகா வளைச்சு கோடு போட்டிருப்பாங்க, எனக்கு அதுல மனசே இல்ல. காதேஸ்பர்னேயால (அதே காதேஸ்தான்) இருந்து சாரேத் ஆறு தாண்ட 38 வருஷம்னு உபாகமம் 2:14 சொல்லுது, அந்தக் காலத்துல பெரும்பகுதி இங்க எங்கயோதான் போயிருக்கணும்னு தோணுது. ஒரு தலைமுறையே செத்துப்போன வனாந்தரம், அதுல கற்பனையா கோடு இழுக்க வேண்டாம்னு விட்டுட்டேன்.

இதுவரைக்கும் எனக்கு ரொம்பப் பிடிச்ச பின் பூனோன். ஜோர்டான்ல அராபா பள்ளத்தாக்குக்கு கிழக்கே இருக்குற பைனான்தான் அதுன்றாங்க, சுத்துவட்டாரம் பூரா பழைய செம்புச் சுரங்கம், கொஞ்சம் வடக்கே ஜூம் பண்ணா தாது உருக்கிக் கொட்டின கசடு கருப்பு கருப்பா குவிஞ்சு கிடக்குறது தெரியுது. எண்ணாகமம் 21-ல ஓர்னு பேர் உள்ள மலைய விட்டுக் கிளம்பி ஓபோத்துக்குப் போறதுக்கு முன்னாடி மோசே செஞ்ச வெண்கல சர்ப்பம் வருது, வெண்கலத்துக்கு செம்புதானே வேணும், 33-ல அதே ஓருக்கும் ஓபோத்துக்கும் நடுவுலதான் சல்மோனாவும் பூனோனும் இருக்கு. ரெண்டு அதிகாரத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தப்போ நிஜமாவே சிலிர்த்துப்போச்சு.

இப்போ மோவாப் பக்கம் வந்திருக்கேன். தீபோன்காத் இன்னைக்கு திபான், 1868-ல மோவாப் ராஜா மேசாவோட கல்வெட்டு கிடைச்ச ஊரு, அதுக்கு பச்சை. ஆனா இந்த ஏரியாவுக்கு 21ஆம் அதிகாரம் வேற பேரெல்லாம் சொல்லுது, பேயேர், மாத்தனா, நகாலியேல், பாமோத்னு, அதை 33 கூட கலக்காம தனி லேயரா போடப் போறேன்.