பக்கத்துக் கதிரை

2025 ஜூனில் அமெரிக்காவில் உதைபந்தாட்டக் கழகங்களுக்கான உலகக் கிண்ணம் நடந்தபோது, எங்கள் விளையாட்டுக் கழகத்தின் வட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி படம் ஒன்றைப் போட்டிருந்தான். தென்கொரியாவின் உல்சானும் தென்னாபிரிக்காவின் மமெலோடி சன்டவுன்ஸும் ஒர்லாண்டோவில் ஆடிய ஆட்டம். 25,000 பேர் இருக்கக்கூடிய அரங்கில் வந்திருந்தது 3,412 பேர். கீழே அவன் எழுதியிருந்தான்: "எங்கட இறுதியாட்டத்துக்கு இதைவிடக் கூடச் சனம் வரும். பாக்க ஆக்களுக்கு விருப்பமில்லை எண்டால் ஏன் வைக்கினம்?"

விருப்பமில்லாமல் அல்ல என்று பதில் எழுதத் தொடங்கினேன். அது நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம். எங்கள் மைதானத்தில் கதிரை என்றால் விருந்தினர் கொட்டகைக்குள் போடும் பத்திருபது பிளாஸ்டிக் கதிரைகள்தான். மற்றச் சனம் கயிற்றடியில் நிற்கும், உழவு மெசின் பெட்டிக்குள் ஏறி நிற்கும். பொடியள் வேம்பில் இருப்பார்கள். கோட்டுக்குள் நிற்பவர்களை வெளியே வரச்சொல்லி ஒலிபெருக்கியில் கத்தியே எங்களுக்குத் தொண்டை அடைத்துவிடும். இடம் இருந்து ஆள் இல்லாத உதைபந்தாட்டத்தை நான் கட்டாருக்குப் போகும்வரை கண்டதில்லை.

2022இல் நான் டோகாவின் இன்டஸ்ட்ரியல் ஏரியாவில், ஆறு பேர் இருக்கும் அறையில் இருந்தேன். கம்பி கட்டும் வேலை. என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் மன்னார்ப் பொடியன் ஒருவன். ஊர் அணிக்கு வலது ஓரத்தில் ஓடியவன், பந்தென்றால் உயிர். உலகக் கிண்ணம் நாங்கள் இருக்கும் ஊருக்கே வருகிறது, ஒரு ஆட்டமாவது உள்ளே இருந்து பார்க்கவேண்டும் என்று இரண்டு பேரும் முடிவெடுத்தோம்.

குழு ஆட்டங்களுக்கு நாலாம் வகுப்பு டிக்கெட் 40 ரியால். கட்டாரில் வசிப்பவர்களுக்கு மட்டும் ஒதுக்கிய விலை அது. மூன்றாம் வகுப்பு 250, இரண்டாம் வகுப்பு 600, முதலாம் வகுப்பு 800. எங்கள் சம்பளத்தில் 40க்கு மேலே யோசிக்கவே முடியாது. எங்களைப்போல் எத்தனை இலட்சம் பேர் அங்கே இருந்தார்கள்! அந்த 40 ரியால் டிக்கெட்டுக்குத்தான் அத்தனை பேரும் காத்திருந்தோம்.

ஆண்டின் தொடக்கத்தில் நடந்த குலுக்கலில் பெயர் கொடுத்தோம். எங்கள் இருவருக்கும் விழவில்லை. ஜூலையில் முந்தி வருபவருக்கு முதலில் என்று விற்றபோது நாங்கள் வெயிலில் வேலைத்தளத்தில் நின்றோம். மாலை அறைக்கு வந்து பார்த்தால் நாலாம் வகுப்பு எல்லாவற்றிலும் 'இல்லை' என்றே வந்தது. செப்டெம்பர் கடைசியில் கடைசிக்கட்ட விற்பனை தொடங்கியது. உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவின் மறுவிற்பனைத் தளத்தில், வாங்கியவர்கள் திருப்பிப் போடும் டிக்கெட்டுகளும் வரத் தொடங்கின. அதைத்தான் நாங்கள் பிடித்துக்கொண்டோம். இரவு ஒரு மணிக்கு அவன் எழும்பிப் பார்ப்பான், மூன்று மணிக்கு நான். ஒருநாள் விடியப்புறம் அவன் என் காலைப் பிடித்து இழுத்தான். நவம்பர் 25, அல் துமாமா அரங்கு, கட்டாரும் செனகலும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதிரை. வெள்ளிக்கிழமை, எங்களுக்கு விடுமுறை நாள்.

என் சம்பள அட்டையால் பணம் கட்ட முடியவில்லை. பக்கத்து அறையில் இருந்த கேரள அண்ணன் ஒருவரை எழுப்பி, அவருடைய அட்டையில் கட்டினோம். பாவம், தூக்கக் கண்ணோடு வந்த ரகசிய எண்ணை வாசித்துச் சொன்னார். 80 ரியாலை அங்கேயே கையில் கொடுத்தோம்.

டிக்கெட் மட்டும் போதாது. அப்போது ஹயா என்ற அனுமதியும் வேண்டியிருந்தது, அது இல்லாமல் அரங்குக்குள் விடவில்லை. வதிவிட அட்டை இலக்கமும் முகப்படமும் கொடுத்து விண்ணப்பித்தோம். என்னுடைய படத்தில் பின்பக்கம் சரியில்லை என்று திரும்பி வந்தது. வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சுவரில் கட்டி மறுபடி எடுத்தோம். இரண்டும் வந்து சேர்ந்த பிறகுதான் வீட்டுக்குச் சொன்னேன்.

தொடக்க ஆட்டம் நவம்பர் 20, கட்டாரும் எக்குவடோரும். அதை ஏசியன் டவுன் கிரிக்கெட் மைதானத்தில் பெரிய திரையில் பார்த்தோம். எங்களைப் போன்ற தொழிலாளர்களுக்கென்று அமைத்த இடம் அது. நேபாளம், வங்காளதேசம், இந்தியா, கென்யா என்று எல்லா நாட்டாரும் இருந்தார்கள், கால் வைக்க இடமில்லை. எக்குவடோரின் எனர் வலென்சியா முதல் பாதியிலேயே இரண்டு கோல் போட்டுவிட்டார். இரண்டாம் பாதியில் கமரா திரும்பத் திரும்ப அல் பெய்த் அரங்கின் கதிரைகளைக் காட்டியது. பகுதி பகுதியாகக் காலி. எழும்பிப் போய்விட்டார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற நேபாளத்துக்காரர் அந்த அரங்கில் வேலை செய்தவர். அவர் ஒன்றும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு வந்தவர்கள் 67,372 பேர் என்று அறிவித்தார்கள். போட்டிக்கு முன்னர் 60,000 பேர் கொள்ளும் என்று சொல்லப்பட்ட அரங்கு அது.

அடுத்த நாள் இங்கிலாந்து–ஈரான் ஆட்டத்தில் பீபாவின் டிக்கெட் செயலி குழம்பி, டிக்கெட் வைத்திருந்தவர்களே வெளியே நின்றார்கள். அந்தச் செய்தியைப் பார்த்ததும் எங்களுக்குப் பயம் பிடித்துவிட்டது. எல்லாமே போனுக்குள் அல்லவா இருக்கிறது? இரண்டு பவர் பாங்க் கடன் வாங்கினோம்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேற்பார்வையாளர் அறை வாசலில் வந்து நின்றார். வேலைத்தளத்தில் அவசரம், எட்டுப் பேர் வேண்டும். பெயர்ப் பட்டியலில் அவன் இருந்தான், நான் இல்லை. அவன் டிக்கெட்டைக் காட்டினான், கெஞ்சினான். நானும் போய்க் கேட்டேன். நடக்கவில்லை. வேலைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே சொன்னான்: "மச்சான், நீ போ. இடத்தை வீணாக்காத, ஆரையாவது கூட்டிக்கொண்டு போ."

அவனுடைய டிக்கெட்டைச் செயலியில் எனக்கு அனுப்பிவிட்டுப் பஸ்ஸில் ஏறினான். நான் அறை அறையாகப் போய்க் கேட்டேன். வர ஆள் இல்லாமல் இல்லை. ஒரு மட்டக்களப்புத் தம்பி சட்டையே மாற்றிவிட்டு வந்து நின்றான். ஆனால் ஹயா இல்லை. விண்ணப்பித்துவிட்டு இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மணியாகியும் அனுமதி வரவில்லை. அதற்கு மேலும் நின்றால் எனக்கும் ஆட்டம் தவறிவிடும். அவன் திரும்பிப் போய்ச் சட்டையைக் கழற்றியதை நான் பார்த்துக்கொண்டுதான் புறப்பட்டேன்.

மெட்ரோவில் ஃப்ரீ சோன் நிலையம், அங்கிருந்து பஸ். ஹயா இருந்தால் அப்போது மெட்ரோ இலவசம். அல் துமாமா அரங்கு, அரபு நாட்டு ஆண்கள் தலையில் போடும் வெள்ளைத் தொப்பியின் வடிவம். அவ்வளவு அழகு. என் இடம் கோல் கம்பத்துக்குப் பின்னால், உயரத்தில். நான் இருந்தேன். வலப்பக்கம் ஒரு குடும்பம், இடப்பக்கம் மன்னார்ப் பொடியனுடைய கதிரை. மடிக்கிற கதிரை, யாரும் இருக்காவிட்டால் தானாக மேலே மடிந்து நிற்கும். ஆட்டம் முழுக்க அது மடிந்தே நின்றது.

இடைவேளையில் வீட்டுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். டோகாவில் ஐந்து மணிக்குக் கிட்ட, ஊரில் ஏழரைக்குக் கிட்ட. அரங்கைச் சுற்றிக் காட்டினேன். தங்கச்சி கேட்டாள், "அண்ணா, உங்களுக்குப் பக்கத்தில ஏன் ஆக்கள் இல்லை? அங்கால நடுவிலயும் வெறுமையா இருக்கு." நடுவில் என்று அவள் சொன்னது விலைகூடிய பகுதி. அனுசரணை நிறுவனங்களுக்கும் விருந்தினருக்கும் ஒதுக்கும் இடங்கள் அந்தப் பக்கம்தான். இடைவேளைக்கு உள்ளே சாப்பிடப் போனவர்கள் ஆட்டம் தொடங்கியும் திரும்பி வரவில்லை.

அந்தக் குழுவில் படம் போட்ட தம்பிக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். பெரிய போட்டிகளில் காலியாகக் கிடக்கும் கதிரைகளில் பல, யாரோ ஒருவர் பெயரில் இருப்பவை. சில இலவசமாகக் கிடைத்ததால் பெறுமதி தெரியாதவர்களுடையவை. சில, தூரமும் வீசாவும் லீவும் விடாதவர்களுடையவை. சில, விலையைப் பார்த்து யாரும் தொடாதவை. 2026 உலகக் கிண்ணத்துக்கு மிக மலிவான டிக்கெட்டே 60 டொலர் என்றுதான் அறிவித்தார்கள். மறுவிற்பனை செய்தால் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் 15 வீதம் எடுப்பதாகவும் சொன்னார்கள். கட்டாரில் நாங்கள் 40 ரியாலுக்கு, ஏறக்குறைய 11 டொலருக்கு வாங்கினோம். அதிலேயே ஒரு கதிரை வெறுமையாகிப் போனது. ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணித்தியாலம் முன்புகூட வாசலில் வைத்து இன்னொருவர் கையில் கொடுக்க வழி இருந்திருந்தால், அந்த மட்டக்களப்புத் தம்பி எனக்குப் பக்கத்தில் இருந்திருப்பான்.

78ஆவது நிமிடம் முன்தாரி தலையால் அடித்தார். உலகக் கிண்ணத்தில் கட்டார் போட்ட முதல் கோல். அரங்கு எழும்பியது. நான் மன்னார்ப் பொடியனுக்கு அழைப்பெடுத்து, ஒன்றும் பேசாமல் போனை மேலே தூக்கிப் பிடித்தேன். மறுபக்கத்தில் இரும்பு வெட்டும் சத்தம் கேட்டது.

கட்டார் 1–3 என்று தோற்றது. வந்தவர்கள் 41,797.

இரவு பத்து மணிக்கு அவன் வந்தான். குளிக்கவில்லை, சாப்பிடவில்லை. கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு முதலாவது கோலில் இருந்து சொல்லச் சொன்னான். கட்டாரின் குக்கி பந்தை விலத்தத் தவறியதையும், செனகலின் தியா அதை அடித்ததையும் சொன்னேன். செனகலின் தியேதியு தலையால் போட்டதைத் தண்ணீர்ப் போத்தலை வைத்துக் காட்டினேன். அவன் போத்தலை எடுத்து, கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "இங்க நிண்டவனை ஏன் ஒருத்தரும் பிடிக்கேல்லை?" என்று கேட்டான்.