தொலைந்த டயர்

எங்கள் வீட்டு ஃப்ரீசரில், பச்சைப் பட்டாணி பாக்கெட்டுக்கு அடியில், ஒரு ரேஸ் கார் இரண்டு நாள் படுத்திருந்தது. ஐஸ் எடுக்கப் போன மனைவி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏங்க, இது என்ன கருவாடா?" என்றாள். "மாமாவோட வண்டி" என்றேன். அவள் மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள். பதினெட்டு வருஷத்தில் என்னைப் பற்றி அவளுக்கு ஒரு தெளிவு வந்திருக்கிறது.

விஷயம் இதுதான். இந்த ஜனவரியில் ஏற்காட்டில் மாமா வீட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். பீரோவுக்கு மேலிருந்த சாமான்களை இறக்கியபோது ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. மூடியில் நீல நிறத்தில், ஆறு சக்கரத்தோடு ஒரு ரேஸ் கார் படம். "உன் சாமான்டா, எடுத்துட்டுப் போ" என்றார் மாமா. என் சாமான் இல்லை, அவருடையது. ஆனாலும் ஏன் அப்படிச் சொன்னார் என்பது பெட்டியைத் திறந்ததும் விளங்கிவிட்டது.

அது டைரல் அணியின் பி34. 1976இல் ஃபார்முலா ஒன்னில் ஓடிய வண்டி. பின்னால் வழக்கமான இரண்டு பெரிய சக்கரம், முன்னால் நான்கு சின்னச் சக்கரம். டெரிக் கார்ட்னர் என்ற வடிவமைப்பாளரின் யோசனை. முன்சக்கரம் பெரிதாக இருந்தால் மூக்குக்கு மேலே துருத்திக்கொண்டு காற்றைத் தடுக்கும். சின்னதாக்கி மூக்குக்குப் பின்னால் ஒளித்துவிட்டால் காற்று வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் சின்னச் சக்கரம் இரண்டு மட்டும் இருந்தால் தரையில் பிடிப்புப் போதாது. சரி, நான்காகப் போட்டுவிடுவோம். கேட்டால் குழந்தை போட்ட கணக்கு மாதிரி இருக்கிறது, ஆனால் ஓடியது. 1976 ஜூன் 13 அன்று ஸ்வீடனில் ஆண்டர்ஸ்டார்ப் ஓட்டத்தில் ஜோடி ஷெக்டர் முதலாவதாக வந்தார், அதே அணியின் பாட்ரிக் தெப்பாயே இரண்டாவதாக வந்தார். ஆறு சக்கர வண்டி ஒன்று ஃபார்முலா ஒன்னில் ஜெயித்தது அந்த ஒரே தடவைதான்.

பெட்டியில் இருந்தது ஜப்பானின் தமியா கம்பெனி போட்ட, பாகங்களை நாமே ஒட்டிக் கட்டுகிற பிளாஸ்டிக் கிட். ஒன்றுக்குப் பன்னிரண்டு அளவு, அதாவது நம் பழைய கணக்கில் அடிக்கு ஒரு அங்குலம். கட்டி முடித்தால் ஒரு அடிக்குக் கொஞ்சம் கூட நீளம் வரும். மாமா கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவர். 1979இல் கோபே துறைமுகத்தில் கப்பல் நின்றபோது வாங்கியிருக்கிறார்.

அவர் இன்ஜின்காரர் என்பது இன்ஜினைப் பார்த்தாலே தெரிகிறது. காஸ்வொர்த் டிஎஃப்வி என்ற எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின். கட்டைவிரல் அளவு சமாசாரத்தில் ஒவ்வொரு போல்ட் தலைக்கும் தனித்தனியாக வெள்ளிப் பெயின்ட் தொட்டு வைத்திருக்கிறார். சைலன்சர் குழாய் சூடேறி நிறம் மாறுமே, அந்தப் பழுப்பும் நீலமும் கலந்த வண்ணம்கூட இருக்கிறது. கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். அதில் நான் மாற்ற எதுவுமில்லை. தூசி தட்டினேன், காய்ந்து நொறுங்கிய ஸ்பார்க் பிளக் வயர்களை மட்டும் எடுத்துவிட்டு, பழைய லேண்ட்லைன் கேபிளைப் பிரித்து அதன் மெல்லிய வயர் எட்டைச் செருகினேன். அவ்வளவுதான்.

மீதி வண்டி வேறு கதை. பாடியை யாரோ கேட்டுக்கு அடிக்கிற எனாமல் பெயின்ட்டை எடுத்து, பிரஷ்ஷால், இழுவை இழுவையாக அடித்திருந்தார்கள். பாடியின் பாகங்கள் கோணலாக ஒட்டியிருந்தன. பெவிக்குவிக் வழிந்து உறைந்து கிடந்தது. டிரைவர் உட்காரும் இடத்துக்கு இரண்டு பக்கமும் குட்டி ஜன்னல் உண்டு. முன்சக்கரம் கண்ணுக்கே தெரியாததால், டிரைவர் எட்டிப் பார்த்துக்கொள்ள கார்ட்னர் வெட்டிக் கொடுத்தது அது. அந்த ஜன்னல் இரண்டும் கண்புரை விழுந்த மாதிரி வெளுத்திருந்தன.

யாரோ என்று எழுதிவிட்டேன். நான்தான். 1990 மே லீவு, எனக்குப் பன்னிரண்டு வயது. மாமா எஸ்டேட் வேலையாகக் கீழே சேலத்துக்குப் போயிருந்த இரண்டு நாளில் நடத்திய வேலை. அன்று அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. பெட்டியை மூடி பீரோ மேலே வைத்தார். இத்தனை வருஷம் கழித்து, "உன் சாமான்டா."

புதுசாகவே ஒன்று வாங்கிவிடேன், இந்தக் கிட் மறுபடி வந்திருக்கிறதே என்று நண்பன் சொன்னான். பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதுசு வை என்பதுதான் என் பிழைப்பே. சேலம் நான்கு ரோடு பக்கம் பல் லேப் வைத்திருக்கிறேன். டாக்டர் இல்லை, டாக்டர்கள் அனுப்புகிற அச்சை வைத்துப் பல் செட்டும் கேப்பும் செய்து கொடுக்கிறவன். ஆனாலும் இந்த வண்டியில் அந்தப் பேச்சுக்கு மனசு வரவில்லை.

கட்டுவதைவிடப் பிரிப்பதுதான் வேலை. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. மாமா கிட்டுக்கான டியூப் சிமென்ட்டில் ஒட்டியிருக்கிறார். அது பிளாஸ்டிக்கைக் கரைத்து, இரண்டு துண்டையும் ஒரே துண்டாக்கிவிடும். அந்த இடத்தில் பிரிப்பது என்றால் உடைப்பதுதான். நல்லவேளை, அவர் ஒட்டியது எதையும் பிரிக்கத் தேவைப்படவில்லை. நான் போட்டது பெவிக்குவிக். இறுகப் பிடிக்கும், ஆனால் கண்ணாடி மாதிரி. குளிரில் இன்னும் நொறுங்கும் தன்மை வந்துவிடும். அதனால்தான் ஃப்ரீசர். இரண்டு நாள் வைத்து எடுத்து, இணைப்பில் மெழுகு செதுக்கும் கத்தியின் நுனியை வைத்து லேசாகத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம். பன்னிரண்டு வயதுப் பையனின் வேலை ஒவ்வொரு டிக்காகக் கழன்று வந்தது. மொத்தம் பதினான்கு டிக். ஒரே ஒரு இடத்தில் மட்டும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து வந்தது.

பெயின்ட்டை எடுப்பதற்குத் தின்னர் ஊற்றினால் பெயின்ட்டோடு காரும் கரைந்துவிடும். அதற்குப் பிரேக் ஆயில்தான் மருந்து. ஐந்து ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் டாட் 3 ஒரு சின்ன பாட்டில் வாங்கினேன். "எந்த வண்டிக்குங்க?" என்றார் கடைக்காரர். எந்த வண்டி என்று சொல்வது! முதலில் கிட்டின் பாகங்களைக் கழற்றியதும் மிஞ்சுகிற பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒரு துண்டை ஒடித்து ஒரு ராத்திரி ஊறவைத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் பாடியை இறக்கினேன். மறுநாள் காலையில் பெயின்ட் பால் ஏடு மாதிரி சுருங்கி மேலே எழும்பியிருந்தது. கையில் உறை போட்டுக்கொண்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க வழித்துக்கொண்டு வந்தது. பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு மூன்று தடவை அலசினேன். பிரேக் ஆயில் துளி இருந்தாலும் அடுத்து அடிக்கிற பெயின்ட் நிற்காது.

ஜன்னல் எனக்குச் சுலபம். பல் செட்டைப் பளபளப்பாக்குகிற வேலைதான். ஆனால் பழக்க தோஷத்தில் மைக்ரோமோட்டார் என்கிற சுழல் கருவியில் மெருகேற்றும் பஃப் மாட்டி ஒரு நொடி வைத்துவிட்டேன். சூட்டில் ஓரம் இளகிவிட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, இடப்பக்க ஜன்னலில், கீழே. அப்புறம் பியூமிஸ் பொடியைத் தண்ணீரில் குழைத்து விரலாலேயே தேய்த்தேன். கடைசியில் டூத்பேஸ்ட். இப்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால் சக்கரம் தெரிகிறது.

தெரிகிற சக்கரத்தில்தான் டயர் இல்லை.

முன்பக்கச் சின்ன டயர் நான்கில் பெட்டியில் மூன்றுதான் இருந்தன. நான் தொலைத்திருப்பேன் என்றுதான் முதலில் நினைத்தேன். மாமாவுக்குப் போன் போட்டேன். "அது நீ இல்லடா" என்றார். கப்பலில் ஒரு ராத்திரி கடல் சரியில்லையாம். கேபின் மேஜையில் பரப்பி வைத்திருந்ததெல்லாம் தரையில் உருண்டிருக்கிறது. விடிந்ததும் பொறுக்கி எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்தது. கட்டிலுக்கு அடியில், லாக்கருக்குப் பின்னால், ஷூவுக்குள் என்று எல்லா இடத்திலும் தேடியாயிற்று. "டயர் இல்லாத வண்டிய கட்டி என்ன பண்றது? அதான் நிறுத்திட்டேன்."

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வந்தது. நிஜ வண்டி நின்றுபோனதும் அந்த டயரால்தான். முன்பக்க ரிம் பத்து அங்குலம். அப்போது வேறு எந்த ஃபார்முலா ஒன் அணிக்கும் அந்த அளவு கிடையாது. டயர் செய்த குட்இயர், மற்ற எல்லா அணிகளுக்கும் பயன்படுகிற பெரிய டயரை வருஷத்துக்கு வருஷம் மேம்படுத்திக்கொண்டே போனது. ஒரே ஒரு அணிக்கான குட்டி டயர் அந்த வேகத்துக்கு வளரவில்லை. பின்னால் பிடிப்புக் கூடிக்கொண்டே போக, முன்னால் பின்தங்கியது. 1977 முடிந்ததும் டைரல் பழையபடி நான்கு சக்கரத்துக்குத் திரும்பிவிட்டது. 1983இலிருந்து நான்கு சக்கரத்துக்கு மேல் கூடாது என்று விதியே வந்துவிட்டது.

சரி, டயர். ரிம் இப்போதைய ஒரு ரூபாய் நாணயம் அளவு. அதைச் சுற்றி வருகிற ரப்பர் வளையம். பல் செட் செய்கிறவனுக்கு இது தெரிந்த வேலைதானே என்று நினைத்தேன். இருக்கிற டயர் ஒன்றை எடுத்து, பல் மாடல் ஊற்றுகிற ஸ்டோன் பிளாஸ்டரில் பாதி புதைத்து, காய்ந்ததும் வாசலின் தடவி, மேலே இன்னொரு பாதி ஊற்றி, இரண்டு பாதி அச்சு எடுத்தேன். அதுவரைக்கும் கையெழுத்துப் போடுகிற மாதிரி வந்தது. உள்ளே என்ன ஊற்றுவது? பல்லுக்கான அக்ரிலிக் கல்லாட்டம் ஆகிவிடும். டயர் என்றால் அமுங்க வேண்டாமா. கண்ணாடிக் கடையில் ஜன்னல் ஓரத்துக்கு அடிக்கிற கறுப்பு சிலிக்கான் வாங்கி வந்து அச்சில் நிரப்பி, இறுக்கி வைத்தேன்.

மறுநாள் திறந்தேன். லேப் முழுக்க வினிகர் வாடை. மேல்தோல் மட்டும் உறைந்து, உள்ளே அல்வா. அந்த சிலிக்கான் காற்றில் இருக்கிற ஈரத்தை வாங்கித்தான் உறையும். மூடிய அச்சுக்குள் ஈரம் எங்கிருந்து வரும்? இரண்டாவது தடவை மூன்று நாள் விட்டேன். வந்தது, ஆனால் ஒரு பக்கம் காற்றுக் குமிழி, பொக்கை வாய் மாதிரி ஒரு பள்ளம். மூன்றாவது தடவை அச்சில் இரண்டு துளை போட்டு, பிளாஸ்டரைத் தண்ணீரில் நனைத்து, ஈரத்துணி சுற்றி, பத்து நாள் தொடவே இல்லை. லேப் பையன் தினமும் காலையில் வந்ததும், "அண்ணா, பிரசவம் ஆச்சா?" என்பான். பதினோராவது நாள் ஆயிற்று. வெட்டுக் கத்தியால் ஓரத்தைச் சீவி, உப்புத்தாளில் தேய்த்து ரிம்மில் ஏற்றினேன். மற்ற மூன்றோடு வைத்துப் பார்த்தால் ஒரு நூல் பெரிது. நிறமும் கொஞ்சம் கூடுதல் கறுப்பு. போகட்டும்.

பெயின்ட் அடித்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரே, மெல்லிசாக நான்கு கை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள். டீக்கல், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற எழுத்தும் எண்ணும், அதுதான் உயிரை எடுத்தது. ஏற்காட்டு ஈரத்தில் தாள் மஞ்சளாகியிருந்தது. கவரில் போட்டு, வெயில் படுகிற ஜன்னல் கண்ணாடியில் இரண்டு வாரம் ஒட்டி வைத்தேன். சேலத்து வெயிலால் ஒரு உபகாரம் உண்டென்றால் அது இதுதான், மஞ்சள் வெளுத்துவிட்டது. மேலே கிளியர் லாக்கர் ஒரு பூச்சுக் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் போட்டேன். ஸ்பான்சர் கம்பெனியான எல்ஃபின் எழுத்து முழுசாக வந்தது. எனக்கு ஷெக்டரின் எண் 3 ஒட்டத்தான் ஆசை. 3ஐத் தண்ணீரில் போட்டதும் ஏழு துண்டாகப் போய்விட்டது. 4 பிழைத்துக்கொண்டது. ஆக, இது தெப்பாயே வண்டி.

பக்கத்துத் தெருவில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிற அண்ணன் ஒரு நாள் வந்து பார்த்தார். பின்னால் வருவதைப் பார்க்கிற பக்கக் கண்ணாடி இரண்டிலும் ஒன்றுமில்லையே என்றார். மறுநாள் மெருகு போட்ட வெள்ளித் தகடு இரண்டு துளி வெட்டிக்கொண்டு வந்து, சாமணத்தால் அவரே பதித்துவிட்டுப் போனார். காசு வாங்கவில்லை. வெள்ளி விற்கிற விலைக்கு!

போன ஞாயிற்றுக்கிழமை மேலே எடுத்துப் போனோம். மனைவி ஓட்டினாள், நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் நான் மூச்சு விட்டேனா என்பது சந்தேகம். மாமா திண்ணையில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார்.

பெயின்ட்டைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்க்கவில்லை. நேராக இன்ஜினைத்தான் பார்த்தார். வயர்களை விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு, உதடு அசைய எட்டு வரை எண்ணினார். அப்புறம் முன்பக்க டயர்களைக் கட்டைவிரலால் வரிசையாக அமுக்கினார். வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் முதலாவது. நான்காவதில் விரல் நின்றது.

"இதானே?"

"ஆமா மாமா."

மேஜையில் வைத்து மெதுவாகத் தள்ளிவிட்டார். வண்டி ஒரு முழம் ஓடி, ஒரு பக்கமாக ஒதுங்கி, சர்க்கரை டப்பாவில் இடித்து நின்றது. மறுபடி எடுத்து வைத்துத் தள்ளினார். மறுபடி சர்க்கரை டப்பா.

"சைடு இழுக்குது" என்றார். "கீழ போனதும் அலைன்மென்ட் பாத்து எடுத்துட்டு வா."