சொதியில் புளி ஊற்றிய கதை

போன மாசம் இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கம் போனது. காரணம் சொதி, எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பு. சாப்பிட்டு வயிறு கெட்டதெல்லாம் இல்லை. ஒரு பையன் ‘திருநெல்வேலி மாப்பிள்ளை சொதி’ என்று ஒரு நிமிட வீடியோ போட்டிருந்தான். பாசிப்பருப்பு, முருங்கைக்காய், இஞ்சி, பச்சைமிளகாய் எல்லாம் ஒழுங்கு, தேங்காய்ப்பாலைக்கூட முதல் பால், இரண்டாம் பால் என்று பிரித்துத்தான் எடுத்தான். எடுத்துவிட்டு, கடைசியில் ஒரு கிண்ணம் புளிக்கரைசலைத் தூக்கி ஊற்றினான் பாருங்கள்! எலுமிச்சையையே அடுப்பை அணைத்த பிறகுதானே பிழிவோம், பால் திரிந்துவிடும் என்று.

கமெண்டைத் திறந்தால் தேரோட்டக் கூட்டம். பாளையங்கோட்டைக்காரர், அம்பாசமுத்திரத்துக்காரர், இருபது வருசமாக சென்னையில் இருந்தாலும் சொதி என்றதும் ரத்தம் கொதிக்கிறவர், எல்லாரும் உள்ளே. நானும் இறங்கினேன். புளியில் ஆரம்பித்தது அரை மணி நேரத்தில் மஞ்சளுக்குத் தாவியது. சொதி வெள்ளையாக இருக்கணும், மஞ்சள் ஆகாது என்று நான். எங்கள் வீட்டில் ஒரு சிட்டிகை போடுவோம் என்று ஒருவர். “நீரு திருநெல்வேலியே கிடையாது வே” என்று எழுதினேன். அவர் பதிலுக்கு என் பாட்டி எந்த ஊர் என்று விசாரித்தார். அப்புறம் என்ன, ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் ஓடியது, மறுநாளும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

என் மச்சினன் பெருமாள்புரத்தில் ஒரு மாடி அறையில் வீடியோ எடிட்டிங் செய்கிறான். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவன் செருப்பைக் கழற்றும்போதே, “அத்தான், புளி வீடியோல நல்லா சண்ட போட்டிய. உங்க ஒரு கமெண்டுக்கே நாப்பது பதில். நம்ம பசங்க வீடியோதான் அது” என்றான். எனக்கு முதலில் புரியவில்லை. அந்தப் புளி தெரியாமல் ஊற்றியது இல்லையாம், மூன்று நாள் யோசித்து ஊற்றியதாம். அதற்கு முந்தின மாசம் அதே பையன் சரியான சொதியைச் செய்து போட்டபோது பத்துப் பேர் ஹார்ட் போட்டதோடு சரி.

வேண்டுமென்றே கோபத்தைக் கிளப்பி ஆள் சேர்க்கிற இதற்கு ‘ரேஜ் பைட்’ என்று பெயர். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் 2025-ன் சொல் என்று இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நம் பக்கம் சொன்னால் தூண்டில் புழு. ட்ரோல் என்றால் வேலைவெட்டி இல்லாமல் வம்பிழுப்பவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் வேலையில் இருந்திருக்கிறான், சம்பளம் இல்லாமல் உழைத்தது நான்.

யோசித்துப் பார்த்தால் இந்தத் தளங்களை நடத்துகிற கடைக்காரர்களே இதைச் சொல்லித்தான் வந்திருக்கிறார்கள், நாம்தான் காது கொடுக்கவில்லை. பழைய ட்விட்டரான எக்ஸ் தளம் 2023 ஜூலையில் எழுதுகிறவர்களுக்குப் பங்கு கொடுக்க ஆரம்பித்தபோது, பதிவுக்குக் கீழே வரும் பதில்களுக்கு நடுவில் காட்டும் விளம்பரத்தை வைத்துத்தான் கணக்கு. பதில் கூடினால் காசு. நல்ல விஷயத்துக்கு நாற்பது பதில் எவன் போடுவான்? அடுத்த வருசமே கணக்கை மாற்றினார்கள், ஆனால் பழகின கை பழகினதுதான். ஃபேஸ்புக் கதை இன்னும் பழசு. 2017-ல் அவர்கள் கணக்கில் ஒரு கோப முகம் ஐந்து லைக்குக்குச் சமம், அழுகை முகமும் இதய முகமும்கூட அப்படித்தான். பிரான்சிஸ் ஹாகன் என்ற முன்னாள் ஊழியர் 2021-ல் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. அதற்கு முன்பே, 2020-ல், கோப முகத்தின் மதிப்பைச் சத்தமில்லாமல் பூஜ்யம் ஆக்கியிருந்தார்கள். அதுவரை நாம் கோபப்பட்டுக் குத்தியதெல்லாம் அந்தப் பதிவை இன்னும் பத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

முருகன்குறிச்சிப் பக்கம் நான் போகும் டீக்கடையில் ‘இங்கு அரசியல் பேசாதீர்’ என்று ஒரு போர்டு தொங்கும். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் அரசியல் பேசுவோம், அது வேறு. ஆனால் குரல் கொஞ்சம் ஏறினால் மாஸ்டர் வடைத்தட்டை நகர்த்திக்கொண்டே, “அண்ணாச்சி, பெஞ்ச விடுங்க, ஆளு நிக்காவ” என்பார். அவருக்கு நீதி நியாயம் எல்லாம் ஒன்றும் இல்லை. ஒரு டீயை வாங்கி வைத்து ஒரு மணி நேரம் சண்டை போட்டால் அவருக்கு நஷ்டம், அவ்வளவுதான். போனுக்குள் இருக்கிற கடையில் கணக்கு தலைகீழ். அங்கே நாம் எழுந்து போனால்தான் முதலாளிக்கு நஷ்டம். அதனால் பெஞ்சைத் துடைத்து, இன்னொரு எதிராளியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, விசிறியும் போட்டுவிடுகிறார்கள்.

புதுசாக யோசிக்கிறவர்கள் இல்லாமல் இல்லை. எனக்குப் பிடித்தது கம்யூனிட்டி நோட்ஸ். 2021-ல் ட்விட்டர் வேறு பெயரில் சோதித்துப் பார்த்தது, 2025-ல் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவும் அமெரிக்காவில் அதே வழிக்கு வந்தது. தப்பான பதிவுக்குக் கீழே ஆட்கள் விளக்கம் எழுதலாம். அதற்கு ஓட்டு நிறைய விழுந்தால் போதாது, வழக்கமாக எதிரெதிராக ஓட்டுப் போடுகிறவர்கள் இரண்டு தரப்பிலிருந்தும் ‘ஆமா, இது சரி’ என்றால்தான் அந்த விளக்கம் ஊருக்குத் தெரியும். கோயில் கொடைக்கு வரி பிரிக்கிற கூட்டத்தில் மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே தொகைக்குத் தலையாட்டுகிற மாதிரி. எவ்வளவு அபூர்வம் என்று கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். இங்கேயும் அதே நிலைமைதான், எழுதுகிற விளக்கங்களில் பெரும்பாலானவை வெளியே வருவதே இல்லை. வருவதும் சண்டை முடிந்து பந்தல் பிரித்த பிறகு.

புதுக்கடை திறப்பது இன்னொரு வழி. ட்விட்டருக்குப் போட்டியாகக் கூ என்று ஒன்று 2020-ல் வந்தது, 2024-ல் மூடிவிட்டார்கள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோவின் ‘அரட்டை’ செயலிக்கு 2025 செப்டம்பரில் கூட்டம் அலைமோதியதே, அப்போது எங்கள் குடும்பக் குழுவும் மேளதாளத்தோடு குடிபெயர்ந்தது. நம்ம பழைய ஜில்லா சரக்கு என்ற பெருமை வேறு. இப்போது அங்கே வணக்கம் சொல்கிறோம், சொத்துப் பிரச்சினையைப் பழைய குழுவில்தான் பேசுகிறோம்.

மச்சினன் அன்று சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். மாமியார் வந்திருந்ததால் சொதி, இஞ்சித் துவையல். “அடுத்து அல்வா, அத்தான். தாமிரபரணித் தண்ணியெல்லாம் சும்மா, கேன் தண்ணியிலயும் அதே ருசிதான்னு போடப்போறோம். ஒரு கமெண்ட் மட்டும் போட்டு ஆரம்பிச்சு வைங்க” என்றான். முறைத்தேன். சிரித்துக்கொண்டே என் இலையில் சொதியை ஊற்றினான்.

ஜன்னல் வெளிச்சம் இலையில் விழுந்துகொண்டிருந்தது. சொதி லேசான மஞ்சள். மாமியாரிடம் கேட்டேன்.

“ஒரு சிட்டிகை போடுவேன் மாப்ள, எப்பமும் போடுததுதான். ஏன், நல்லா இல்லையா?”

கல்யாணமாகிப் பதினான்கு வருசம் ஆகிறது. இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன்.