வாடகைத்தாய் முறைக்குப் பணம் திரட்டும் முன்

வாடகைத்தாய் மூலம் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தவர்கள் என்னிடம் யோசனை கேட்கும்போது, பெரும்பாலும் பேச்சு கடனில்தான் தொடங்குகிறது. எந்த வங்கி, என்ன வட்டி, வீட்டை அடமானம் வைக்கலாமா என்ற கேள்விகளுக்கு முன்னால், திரட்டும் பணத்தை எதற்கெல்லாம் கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே என் பதில்.

ஏனெனில், ஓரிடத்தில் முறையான கட்டணமாக இருப்பது மற்றோரிடத்தில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இந்தியாவில் 2021ஆம் ஆண்டுச் சட்டம் வணிக நோக்கிலான வாடகைத்தாய் முறையைத் தடை செய்துவிட்டது. மருத்துவச் செலவு, காப்பீடு போன்ற வரையறுத்த செலவுகளைத் தவிர அந்தப் பெண்ணுக்குப் பணமாகவோ பொருளாகவோ எதுவும் கொடுக்கக் கூடாது. கனடாவின் 2004ஆம் ஆண்டுச் சட்டமும் ஊதியத்தைத் தடுக்கிறது, ஆனால் ரசீது உள்ள செலவுகளைத் திருப்பித் தர விடுகிறது. கர்ப்ப காலத்தில் அவர் இழந்த சம்பளத்தை ஈடுசெய்ய வேண்டுமென்றால், வேலையைத் தொடர்வது அவருக்கோ கருவுக்கோ ஆபத்தாகலாம் என்று மருத்துவர் எழுத்துப்பூர்வமாகச் சான்றளித்திருக்க வேண்டும். பிரிட்டனில் நியாயமான செலவுகளுக்கு மட்டுமே இடமுண்டு. பெற்றோர் உரிமை கோரி நீதிமன்றம் செல்லும்போது கொடுத்த பணத்துக்குக் கணக்குக் காட்டவேண்டி வரும். கலிஃபோர்னியாவிலோ ஊதியம் சட்டப்படி செல்லும். ஆகவே, மருந்துக் கடைச் சீட்டையும் பயணச் சீட்டையும் முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வைப்பது நல்லது.

அடுத்து, மொத்தத் தொகையை ஒரே மலையாகப் பார்த்து மிரள வேண்டியதில்லை. செலவு இரண்டு கட்டங்களாக வருகிறது. கருமுட்டை எடுத்து, கருவை உருவாக்கி, உறையவைப்பது முதல் கட்டம். இதில் வெற்றி நிச்சயமில்லை. நல்ல கரு ஒன்றுகூட அமையாமல் போகலாம். அதனால் இந்தக் கட்டத்தைக் கையிருப்பிலிருந்து செய்வதே உசிதம் என்பேன். பலன் தெரியாத ஒன்றுக்கு வட்டி கட்டுவது மனத்தை இரட்டிப்பாக வாட்டும். உறைந்த கரு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும், அதற்கான சேமிப்புக் கட்டணத்தை மட்டும் கட்டி வந்தால் போதும். அந்த இடைவெளியில் சேமிக்கலாம், கடனுக்கு விண்ணப்பிக்கலாம், அலுவலகத்தில் இதற்கு உதவித்தொகை உண்டா என்று விசாரிக்கலாம். இரண்டாம் கட்டம் அப்படியல்ல. கருவை மற்றொரு பெண்ணின் கருப்பையில் வைத்த பிறகு, பணம் தீர்ந்துவிட்டது என்று நடுவில் நிறுத்த வழியே இல்லை. எனவே பிரசவமும் அதன் சிக்கல்களும் வரைக்குமான முழுத் தொகையும் கையில் வந்த பின்னரே அந்தத் தேதியைக் குறிக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரே நேரத்தில் இரண்டு கருக்களை வைத்தால் செலவு மிச்சம் என்ற கணக்கும் தவறானது: இரட்டைக் குழந்தைகள் குறைமாதத்தில் பிறக்கும் வாய்ப்பு அதிகம், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டணமோ மிச்சம் பிடித்ததையெல்லாம் விழுங்கிவிடும்.

கடன் வகைகளில் தனிநபர் கடனுக்கு வட்டி கூடுதல். வீட்டை ஈடு வைத்தால் வட்டி குறையும், ஆனால் பிறக்கப்போகும் குழந்தையின் கூரையையே பணயம் வைக்கிறோம். உறவினரிடம் வாங்கினால், கடனா அன்பளிப்பா என்பதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. குழந்தை பிறந்த கதை அதன் சம்மதமின்றி ஊரறியப் பரவிவிடும். வரிச்சலுகையை நம்பியும் திட்டமிட வேண்டாம். அமெரிக்காவில்கூட வாடகைத்தாய்க்குச் செய்யும் மருத்துவச் செலவு, வரி செலுத்துபவரின் சொந்த மருத்துவச் செலவாகக் கழிக்கப்படுவதில்லை.

திரட்டிய பணத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். 2009இல் கலிஃபோர்னியாவில் ஓர் இடைத்தரகு நிறுவனம் மூடப்பட்டபோது, தம்பதியர் செலுத்தியிருந்த பணம் மாயமானது. சில பெண்கள் அப்போது கர்ப்பமாக இருந்தனர். அதன் பின்னர் அங்கே, இத்தகைய பணம் இடைத்தரகரின் கையில் இல்லாமல், சார்பற்ற எஸ்க்ரோ கணக்கிலோ (இரு தரப்புக்கும் பொதுவான மூன்றாமவர் பணத்தைப் பிடித்துவைத்து, ஒப்பந்தப்படி மட்டுமே விடுவிக்கும் கணக்கு), வழக்கறிஞர் கட்சிக்காரரின் பணத்தைத் தனியாக வைத்திருக்கும் பொறுப்புக் கணக்கிலோ இருக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. சட்டம் கேட்காத இடத்திலும் இதை வலியுறுத்துங்கள். மறுக்கும் நிறுவனத்திடம் முன்பணம் கட்டாதீர்கள்.

காப்பீட்டுப் பத்திரத்தை வரிவரியாகப் படியுங்கள். வாடகைத்தாயாகக் கருவுறுவதை விலக்கிவைக்கும் பிரிவு பல பத்திரங்களில் உள்ளே ஒளிந்திருக்கும். குழந்தைக்குப் பிறந்த நிமிடத்திலிருந்தே தனிக் காப்பீடு தேவை. அந்தப் பெண்ணுக்கான பொறுப்பும் பிரசவத்தோடு முடிவதில்லை. இந்திய விதிகள் அவருக்கு 36 மாதக் காப்பீட்டை வாங்கச் சொல்கின்றன. ஆகவே இதற்கென ஒதுக்கிய கணக்கைக் குழந்தை வீட்டுக்கு வந்தவுடன் மூடிவிட வேண்டாம்.