காலி நகரத்துச் சல்சா: ஆடி முடித்தபின் நாற்காலி வரை

கொலம்பியாவின் காலி நகரத்தில், பார்ரியோ ஒப்ரேரோ என்னும் தொழிலாளர் குடியிருப்பின் சிறியதொரு மதுக்கூடத்தில், சல்சா என்ற ஜோடி நடனத்தை நான் ஆடிய முதல் பாட்டு முடிவதற்குள் இரண்டு கண்ணாடிக் கோப்பைகள் உடைந்தன. நியூயார்க்கில் கற்ற பழக்கத்தில், என்னோடு ஆட வந்த பெண்மணியைக் கைபிடித்துக் குறுக்கே கடத்தி மறுபக்கம் அனுப்பினேன். அங்கே தட்டேந்திய பணிப்பெண் வந்துகொண்டிருந்தார். யாரும் கடிந்துகொள்ளவில்லை. ஒருவர் துடைப்பத்தை எடுத்து வந்தார், இன்னொருவர் கண்ணாடித் துண்டுகளைச் செருப்பால் ஓரம் ஒதுக்கினார், சுற்றியிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்தவேயில்லை. திட்டியிருந்தால் கூட அவ்வளவு கூசியிருக்காது.

காலி என்றதும் இலங்கையின் கோட்டைதான் நம்மவர்க்கு நினைவுக்கு வரும். இந்தக் காலி, ஆண்டிஸ் மலைத்தொடரின் மேற்குக் கிளையின் அடிவாரத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் மதுரை வெயிலை நினைவூட்டும் ஊர். மாலையானதும் மலையிலிருந்து காற்று இறங்க, தெருவே வீட்டை விட்டு வெளியே வந்து உட்காருகிறது. உலகின் சல்சாத் தலைநகரம் என்று தன்னைத்தானே அழைத்துக்கொள்வதில் அதற்குக் கூச்சம் ஏதுமில்லை.

என் தவறு எங்கிருந்து வந்தது என்பதை விளக்க நியூயார்க்குக்குத்தான் போக வேண்டும். 1966 வரை மன்ஹாட்டனில் இயங்கிய பல்லேடியம் நடன அரங்கின் மாம்போ என்ற நடன மரபிலிருந்து வந்ததும், பின்னர் எடி டோரஸ் என்ற ஆசிரியர் எண்ணிக்கையும் பாடமுறையும் வகுத்துப் பரப்பியதுமான நடனம் அங்கே பயிலப்படுகிறது. எட்டு எண்ணிக்கை கொண்ட சுற்றில் இரண்டிலும் ஆறிலும் உடல் திசை மாறும். கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்குச் சொல்வதானால், சமத்தில் தொடங்காமல் சற்றுத் தள்ளி எடுக்கும் அனாகத எடுப்பைப் போன்றது. கொங்கா வாத்தியத்தின் அறைந்த ஒலியும் இரண்டில்தான் விழுகிறது என்பதால், பழகிவிட்டால் முரசின் முதுகில் ஏறி உட்கார்ந்த சுகம் கிடைக்கும். ஆனால் இந்த நடனத்துக்கு நீளமான ஒரு பாதை வேண்டும். பெண் அந்தக் கோட்டில் போய்த் திரும்புவாள், ஆண் விலகி வழிவிடுவான்.

அங்கத்திய மரியாதைகளும் அந்தக் கோட்டை ஒட்டியவைதான். நுழைவுக் கட்டணம் செலுத்தி வந்த அந்நியர்கள், மரத்தளம், சுவரோரம் குவித்த பைகள். ஒரு பாட்டு ஆடி, நன்றி சொல்லி, அடுத்தவரை அழைப்பார்கள். மறுப்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே பாட்டுக்கு இன்னொருவருடன் ஆடப் போவது முகத்தில் அடித்தாற்போல் ஆகும். வியர்ப்பவர்கள் இரண்டு மூன்று மாற்றுச் சட்டை கொண்டுவருவார்கள். எவரையும் கேட்காமல் முதுகு வளைத்துச் சாய்க்கக் கூடாது, ஆடும்போது பாடம் நடத்தக் கூடாது. இந்தக் கடைசி விதியை மீறுபவர்கள் பெரும்பாலும் ஆறு மாதம் கற்ற ஆண்கள். நானும் ஒரு காலத்தில் மீறியிருக்கிறேன்.

காலியில் இந்த அறிவு எதுவும் உதவவில்லை. அங்குள்ளவர்கள் தனியாக வருவதில்லை, மேசையாக வருகிறார்கள். அத்தை, மருமகன், அலுவலகத் தோழி, பக்கத்து வீட்டுக்காரர் என எட்டுப் பேர், நடுவே சோம்பு மணக்கும் அகுவார்தியெந்தே என்ற சாராயப் பாட்டில் ஒன்று. அந்த மேசையிலிருக்கும் பெண்ணை ஆட அழைப்பதென்றால் முதலில் மேசைக்கு வணக்கம் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவர் கண்ணைப் பார்த்துத் தலையசைக்க வேண்டும், அதன் பிறகே கை நீட்ட வேண்டும். பாட்டு முடிந்ததும் நன்றி சொல்லி நடுத்தளத்தில் விட்டுவிட்டு வருவது மரியாதைக் குறைவு. நாற்காலி வரை கூட நடந்து, மறுபடியும் மேசைக்குத் தலையசைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். நான் முதல் இரவில் இவற்றில் ஒன்றையும் செய்யவில்லை என்பதைக் கோப்பை உடைந்த பிறகு ஒரு முதியவர்தான் எனக்குச் சொன்னார். சொல்வதற்கு முன் தன் மேசையில் எனக்கு ஓர் இடம் ஒதுக்கிவிட்டுத்தான் சொன்னார்.

மறுநாள் காலை வகுப்புக்குப் போனேன். அங்கே ஆசிரியையைப் ப்ரொஃபே என்று அழைக்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் ஐம்பது வயதைக் கடந்தவர். அவர் முதலில் செய்த காரியம், தரையில் இரண்டு ஓடுகளைக் காட்டி, இவற்றைவிட்டு வெளியே வராமல் ஆடு என்றதுதான். காலி பாணியில் மேனி அசையாது, தோள் அலட்டாது, முகத்தில் சிரிப்பு இருக்கும். முழங்காலுக்குக் கீழே மட்டும் ஒரு தையல் இயந்திரம் ஓடும். தட்டு, உதை, பின்னே குறுக்கு, மறுபடியும் தட்டு. பசிபிக் கரையின் புவெனவெந்துரா துறைமுகம் வழியாக வந்த இசைத்தட்டுகளை, நிமிடத்துக்கு 33 சுழற்சியில் ஓட வேண்டியவற்றை 45இல் ஓடவிட்டு ஆடியதால்தான் இந்த வேகம் வந்தது என்று ஊரே சொல்கிறது. பச்சாங்கா, பூகலூ என்ற இசை வகைகள் அப்படி முடுக்கிய வேகத்தில் ஓட, கால்கள் அதற்கு ஈடுகொடுத்துப் பழகிவிட்டன. சல்சா இசைக்கலைஞர்களான ரிச்சி ரே, பாபி க்ரூஸ் இருவரும் 1968ஆம் ஆண்டு இந்நகரத்து டிசம்பர் திருவிழாவில் வாசித்ததை முதியவர்கள் நேற்று நடந்ததைப் போலப் பேசுகிறார்கள்.

"காலைப் பார்க்காதே, அது ஓடிப்போய்விடாது" என்று ப்ரொஃபே நான்கு நாளில் நாற்பது முறையாவது சொல்லியிருப்பார். எண்ணிக்கை கேட்டால் சிரித்தார். அவருக்கு ஒன்று, இரண்டு கிடையாது. வாயால் தாளத்தைச் சொல்லிக் காட்டினார், நம்மூர் ஜதி சொல்வது போல. அந்த ஒரு நிமிடத்தில் எனக்குப் புரிந்தது அதற்கு முந்திய மூன்று நாளில் புரிந்ததைவிட அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவரே என்னை ஒரு வியெஹோதெக்காவுக்கு அழைத்துச் சென்றார். முதியோர்க்கென்று இவ்வூரில் தொடங்கிப் பரவிய பகல்நேர நடனக் கூடங்கள் இவை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, இரு நிறக் காலணி, கையில் மடித்த கைக்குட்டை என்று எழுபது வயதினர் வந்து இறங்குகிறார்கள். அடுத்த மேசைக்காரர் பையிலிருந்து ஒரு மாட்டுமணியையும் குச்சியையும் எடுத்தார். இசைத்தட்டு ஓட ஓட, அவர் தன் இடத்திலிருந்தே மணி அடித்து வாத்தியக் குழுவில் சேர்ந்துகொண்டார். இங்கே அதற்கும் ஒரு மரியாதை உண்டு: பாட்டில் மணி ஒலிக்கும் இடத்தில்தான் அடிக்கலாம், பாடகர் மெதுவாகப் பாடும் பகுதியில் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். தப்பாக அடித்த இளைஞன் ஒருவனின் கையிலிருந்து குச்சி சத்தமில்லாமல் இடம் மாறியதைக் கண்ணால் பார்த்தேன்.

அங்கிருந்து பனாமா வழியாகக் கியூபாவின் ஹவானாவுக்குப் போனேன். அதைப் பற்றி நீட்டி எழுதுமளவு அங்கே நான் ஆடவில்லை. 1950களில் கசினோ டெபோர்டிவோ என்ற மன்றத்தில் ஆடிய வட்டத்தைப் பார்த்து மற்றவர்களும் ஆடத் தொடங்க, மன்றத்தின் பெயரே நடனத்துக்கு வந்துவிட்டது. ஜோடிகள் வட்டமாக நிற்க, ஒருவர் குரல் கொடுப்பார். ஸ்பானிய மொழியில் "தாமே" என்றால் அடுத்த பெண்ணிடம் போக வேண்டும், "தாமே தோஸ்" என்றால் ஒருவரைத் தாண்டி இரண்டாமவரிடம். ஒரு வீட்டு முற்றத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். தோஸ் என்ற சொல் என் காதில் விழவில்லை. ஒரு பெண்ணின் இரு கைகளை இரண்டு ஆண்கள் பிடித்துக்கொண்டு நிற்க, வட்டத்தின் அடுத்த இடத்தில் ஒரு பெண் வெறுங்கையோடு ஆடிக்கொண்டிருந்தார். நான் நின்று மன்னிப்புக் கேட்க, குரல் கொடுத்தவர் எரிச்சலாகக் கையை வீசினார். மன்னிப்பு யாருக்கு வேண்டும், ஓடிப்போய் அந்த இடத்தை நிரப்பு என்பது அதன் பொருள். ஓடினேன்.

நியூயார்க் திரும்பிய வார இறுதியில் பழைய அரங்குக்குப் போனேன். பாட்டு முடிந்ததும், என்னையறியாமல், கூட ஆடிய பெண்ணின் முழங்கையை மெல்லப் பற்றி அவரது இருக்கையை நோக்கி நடக்கத் தொடங்கினேன். அரங்கில் நாற்காலியே இல்லை என்பது நான்கடி நடந்த பிறகுதான் உறைத்தது. சுவரோரம் பைகளின் குவியல் முன்னால் இருவரும் நின்றோம். "எதையாவது தேடுகிறீர்களா?" என்று கேட்டார் அவர். ஆமாம், தண்ணீர்ப் பாட்டில் என்று சொல்லி, எவருடையதென்றே தெரியாத ஒரு பையைக் குனிந்து பார்த்தேன்.