காத்திருப்பதும் சிகிச்சைதான், ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல

சிறுநீர்த் தொற்று வந்த கைக்குழந்தைக்கு எரிகிறது, கடுக்கிறது என்று சொல்லத் தெரியாது. காய்ச்சல் அடிக்கும், பால் குடிக்க மறுக்கும், அவ்வளவுதான். காரணம் புலப்படாத காய்ச்சல் என்றால் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. அந்தச் சில மில்லிலிட்டரைச் சுத்தமாகப் பிடிப்பதுதான் பெரும்பாடு. ஒட்டும் பையில் சேரும் சிறுநீரில் தோலின் கிருமிகளும் கலந்துவிடுவதால், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் கிருமி வளர்ந்தாலும் அதை நம்ப முடிவதில்லை. சிறுநீர்ப்பைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தும் கதீட்டர் என்றாலோ பெற்றோர் முகம் வாடிவிடுகிறது. குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் அடிவயிற்றை வட்டமாகத் தடவிக்கொண்டே இருந்தால், ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தை ஐந்து நிமிடத்துக்குள் சிறுநீர் கழித்துவிடுகிறது என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. இவ்வளவு எளிய உத்தியைச் சோதித்துப் பார்க்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது!

தொற்று திரும்பத் திரும்ப வரும் குழந்தைகளில் சிலருக்கு, சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேல்நோக்கிச் சிறுநீரகத்துக்கே திரும்பும் பின்னோட்டம் இருக்கும். ஒரு காலத்தில் இதற்குத் தயங்காமல் அறுவை சிகிச்சை செய்தார்கள். ஆனால் குழந்தை வளர வளர, சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயில் சிறுநீர்ப்பையின் சுவருக்குள் செல்லும் பகுதி நீண்டு, லேசான பின்னோட்டம் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடுகிறது. அதுவரை தினமும் சிறு அளவு ஆண்டிபயாடிக் கொடுக்கலாமா என்பதை 607 குழந்தைகளிடம் ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், தொற்று பாதியாகக் குறைந்தது. சிறுநீரகத் தழும்பு குறையவில்லை. மீண்டும் வந்த தொற்றுகளிலோ மருந்துக்கு அடங்காத கிருமிகள் கூடுதலாக இருந்தன. ஆகவே எல்லோருக்கும் ஒரே மருந்துச்சீட்டு எழுதுவது சரியல்ல என்றே கருதுகிறேன். மலச்சிக்கலும் சிறுநீரை அடக்கும் பழக்கமும் உள்ள குழந்தைக்கு முதலில் அவற்றைச் சரிசெய்யாமல் வேறு எதைச் செய்தும் பெரிய பயனில்லை.

காத்திருக்கக் கூடாத இடங்களும் உண்டு. விதைப்பைக்கு இறங்காத விதை ஆறு மாதத்துக்குப் பிறகு தானாக இறங்குவது அரிது. ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்வதே நல்லது. ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்ற ஆறுதல் இங்கே கெடுதல்.

ஆண் குழந்தையின் சிறுநீர் வெளியேறும் பாதையில் பிறவியிலேயே குறுக்கிடும் வால்வு இதைவிடக் கடினமானது. பிறந்தவுடன் எண்டோஸ்கோப் மூலம் அதை அகற்றிவிட முடிகிறது. ஆனால் கருவில் இருந்தபோதே அழுத்தத்தால் சிறுநீரகம் கெட்டிருந்தால் அது மீள்வதில்லை. கருவிலேயே குழாய் வைத்துச் சிறுநீரை வடிக்கும் முயற்சிகளும் இதை இன்னும் தீர்க்கவில்லை. அடைப்பு நீங்கிய பிறகும் சிறுநீர்ப்பை முரண்டு பிடிக்கும் என்பதால், இந்தச் சிறுவர்களைப் பெரியவர்களான பின்பும் ரத்த அழுத்தம், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எனத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியிருக்கிறது.